குழியை விக்கிற ஊரு

மருமவனே, வர்ற ஞாயித்துக்கிழமை நீயும் நீ கட்டின பிள்ளையும் வியெலிச்கா உப்புச் சுரங்கம் பாக்கப் போறியளாமே, உங்கம்மா போன்ல பெருமையாச் சொன்னா. போயிட்டு வாங்க. நம்ம ஊருல எவனாவது குழிக்குள்ள விழுந்தா பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு எழுதுவோம். போலந்துல கிராகோவுக்குப் பக்கத்துல அந்தக் குழிக்குள்ள இறங்குததுக்கு முன்கூட்டியே டிக்கெட்டு எடுத்து வரிசையில நிக்கணும். என் மவ அங்க வேலை பாத்தப்போ மாமனும் அந்த வரிசையில நின்னவன்தான். தூத்துக்குடி உப்பளத்துல பாதி ஆயுசக் கழிச்சவன் உப்பப் பத்திப் பேசுததுக்கு யாருகிட்டயும் லைசென்சு கேக்க வேண்டாம். கைடு சொல்லுததக் கேளு. சொல்லாம விடுததுக்கு மாமன் இருக்கேன்.

முதல்ல முழங்கால் சமாச்சாரம். டானிலோவிச்னு ஒரு செங்குத்துக் கிணறு. அதுக்குள்ள மரப்படி, மடங்கி மடங்கிக் கீழ போவும். 380 படி. இறங்கி முடிச்சதும் எல்லாரும் சுரங்கத்தோட அடிக்கே வந்துட்டதா நெனச்சு போட்டோ எடுப்பாவ. அது 64 மீட்டர் ஆழம்தான், முதல் தளம். அதுக்கப்புறமும் இறங்கி இறங்கி 135 மீட்டர் வரைக்கும் போவணும். எல்லாப் படியையும் கூட்டினா 800 வரும். சுரங்கம் அத்தோட முடியல, 327 மீட்டர் வரைக்கும் ஒன்பது தளம் இருக்கு. தோண்டின வழியெல்லாம் சேத்தா 240 கிலோமீட்டருக்கு மேல. அதுல உனக்குக் காட்டுதது மூணரைக் கிலோமீட்டர். நூத்துல ரெண்டு பங்குகூட இல்ல. மீதியக் காட்டலன்னு கைடுகிட்ட மல்லுக்கட்டாத. அந்த ரெண்டு பங்குக்கே உன் முழங்கால் மறுநாள் ஆபீசுக்கு லீவு கேக்கும்.

படிய எண்ணிட்டே இறங்காத. நடுவுல தப்பும். அந்தப் பிள்ளை வேற கணக்கு சொல்லும். அம்புட்டு ஆழத்துல போய்ச் சண்டை போட்டா சமாதானம் பண்ண மாமனால வர முடியாது.

துணிமணி விசயத்துல ஒண்ணு. உள்ள வருசம் முழுக்க 17, 18 டிகிரிதான். மேல பனி கொட்டுத நாள்ல போனா, இறங்கின கொஞ்ச நேரத்துல கோட்டக் கழத்திக் கையில சுமப்ப. கோடையில அரைக்கைச் சட்டையோட போனா, உள்ள போய்க் கையக் கட்டிட்டு நடப்ப. எப்படிப் போனாலும் நம்ம உடம்புக்குத் தோதா இருக்காது. அதுக்குத் தோதான உடம்பு உள்ளயே இருந்த குதிரைங்களுக்குத்தான். அந்தக் கதைக்கு வாரேன்.

அடுத்தது நாக்கு. உள்ள போனதும் பெரிய படிப்புப் படிச்சவனெல்லாம் செவுத்த நக்குவான். கைடே, "நக்கிப் பாக்கலாம், உப்புதான்"ன்னு சொல்லுவாரு. நீயும் நக்குவ, எனக்குத் தெரியும். நக்கு, தப்பில்ல. ஆனா வாய்க்கு நேரா இருக்குற எடத்துல மட்டும் நக்காத. வருசத்துக்கு 15 லட்சம் பேருக்கு மேல வந்து போற எடம். எல்லாரு வாயும் ஏறக்குறைய ஒரே உயரத்துலதான் இருக்கும். குனிஞ்சு முழங்காலுக்குக் கீழ பாரு, இல்லன்னா எம்பிப் பாரு. இதெல்லாம் எந்தக் கைடும் சொல்ல மாட்டான்.

செவுரு வெள்ளையா இருக்கும்னு எதிர்பாத்துப் போவாத. நம்ம பாத்தியில சித்திரை வெயில்ல வாருத உப்பு கண்ணக் கூசும். அங்க உப்பு சாம்பல் நெறம், சில எடத்துல பச்சைக் கல்லா நிக்கும். 1 கோடியே 35 லட்சம் வருசத்துக்கு முந்தி அங்க கெடந்த கடலு வத்தி, களிமண்ணும் மணலும் கலந்து இறுகிக் கெடக்குது. வெள்ளையா இருக்குதது, கசிஞ்ச தண்ணி காஞ்ச எடத்துல செவுத்துல பூத்து நிக்குத உப்புதான். அதுக்குக் காலிஃபிளவர்னே பேரு வச்சிருக்காவ. பேரைக் கேட்டுப் பசி வந்துதுன்னா சத்தம் காட்டாம இரு, கீழயே சாப்பாட்டுக் கடை வச்சிருக்கான். மரம் மட்டும் சில எடத்துல பளிச்சுனு தெரியும். அது சுண்ணாம்பு. எண்ணெய் விளக்கு வெளிச்சம் கொஞ்சமாவது திருப்பி அடிக்கட்டும்னு அடிச்சது.

இனி கதை. கைடு முதல்ல மோதிரத்துல ஆரம்பிப்பாரு. அங்கேரி ராசா நாலாம் பேலாவோட மவ கிங்கா, கிராகோவ ஆண்ட போலெஸ்லாவுக்கு வாழ்க்கைப்பட்டு வாரா. வரும்போது சீதனமாப் பொன்னு வேண்டாம், உப்பு குடுன்னு அப்பன்கிட்ட கேட்டாளாம். அங்கேரியில ஒரு உப்புச் சுரங்கத்துல நிச்சயத்து மோதிரத்தக் கழத்திப் போட்டாளாம். போலந்துக்கு வந்து ஒரு எடத்தக் காட்டித் தோண்டச் சொன்னா, முதல் உப்புக் கட்டிக்குள்ள அதே மோதிரம் இருந்துச்சாம். கேக்க நல்லாருக்கு. புருசன் வீட்டுக்குப் போறவ அப்பன் வீட்டுச் சொத்த வழிச்சிட்டுப் போவான்னு நம்ம ஊர்லயும் சொல்லுவாவ. மலைக்கு அடியிலயே கடத்திட்டுப் போனவ இவ ஒருத்திதான். கடைசியில புண்ணியவதின்னு திருச்சபை 1999-ல புனிதர் பட்டமும் குடுத்துட்டு. உன் மாமியாரு காதுல இந்தக் கதை விழாமப் பாத்துக்கோ.

மோதிரத்துக்கு அப்புறந்தான் நெசமான கணக்கு வருது. 13ஆம் நூற்றாண்டுல இருந்து அங்க பாறை உப்பு வெட்டுதாவ. காசிமிர் ராசா 1368-ல சட்டம் எழுதி, யாரு வெட்டுதது, யாரு விக்கிதது, யாருக்கு எம்புட்டுன்னு முடிவு கட்டினாரு. ராசா கஜானாவுக்கு வந்த பணத்துல மூணுல ஒரு பங்கு உப்புல இருந்தே வந்த காலம் உண்டு. 1364-ல அவரு கிராகோவுல பல்கலைக்கழகம் வச்சப்போ வாத்தியாருங்க சம்பளத்துக்கு இந்தச் சுரங்கத்து வருமானத்தத்தான் எழுதி வச்சாரு. வாத்தியாரு வாங்கினதும் உப்புக்காசு, ராசா வாங்கினதும் உப்புக்காசு. உள்ள இருந்தவன் என்ன வாங்கினான்னு கேளு. கேட்டாத்தான் கைடு கொஞ்சம் மெதுவாப் பேசுவாரு.

இங்கதான் நீ நிதானமா நடக்கணும். கூட்டம் பின்னால தள்ளும், தள்ளட்டும். பழைய காலத்துல பாறைய வெட்டிப் பீப்பா மாதிரி உருட்டையாச் செதுக்குனாவ. சும்மா அழகுக்கு இல்ல, இழுக்க முடியாத பாரத்த உருட்டிட்டுப் போறதுக்கு. உருட்ட முடியாத எடத்துல மேல தூக்க, குதிரை சுத்துத பெரிய மரச்சக்கரம். 16ஆம் நூற்றாண்டுல இருந்து குதிரைய உள்ள எறக்குனாவ. கட்டிக் கயத்துல தொங்கவிட்டு எறக்குன குதிரை, பல வருசம் உள்ளயே லாயத்துல கெடந்து உழைச்சுச்சு. கடைசிக் குதிரைக்குப் பேரு பாஷ்கா. அது வெளிய வந்தது 2002-ல. நீ பள்ளிக்கூடத்துக்குப் பை தூக்கிட்டுப் போன காலத்துல, போலந்துல ஒரு குதிரை பூமிக்கு அடியில வேலை பாத்துட்டு இருந்துருக்கு. கணினிய உயிரா நெனச்சு ராத்திரி பகலாத் தட்டுத பயலுக்கு, லாயத்தப் பாக்குதப்போ என்ன தோணும்னு மாமன் கேக்க மாட்டேன்.

அடுத்து, தீயப் பிடிச்சிட்டு ஊர்ந்து போற உருவம் ஒண்ணு வச்சிருக்காவ. அங்க நில்லு. உப்புப் பாறைக்குள்ள மீத்தேன் வாயு தங்கும். மேல் கூரைக்குக் கீழ சேந்து நிக்கும். அதுல விளக்குப் பட்டா வெடிக்கும். அது சேந்து பெருகுததுக்கு முந்தி கொஞ்சங்கொஞ்சமா எரிச்சு விடணும். அதுக்குன்னு சில ஆளுக உண்டு. உடம்பெல்லாம் நனைச்ச துணியச் சுத்திட்டு, தரையோட தரையாத் தவழ்ந்து, நீளக் கம்பு நுனியில தீவட்டியக் கட்டி மேல நீட்டுவாவ. தவக்காரன்னு அர்த்தம் வர்ற பேரு அவங்களுக்கு. பாவத்துக்குத் தவம் பண்ணுதவன் கெடையாது, கூலிக்காரன். நீ ஆபீசுல ஏசி நின்னு போனா கத்துவியே, அந்த ஆள நெனச்சிக்கோ. கத்தும்போது குரல் கொஞ்சம் தணியும்.

இதெல்லாம் பயந்தவன் வேலை பாத்த எடம். பயந்தவன்தான் சாமி கும்பிடுவான். அதனால உள்ள கோயிலு நெறைய உண்டு. 1698-ல முதல் பூசை நடந்த அந்தோணியார் கோயில் ஒண்ணு. உப்புல செதுக்கின உருவம் ஈரக்காத்து பட்டுப் பட்டு வழுவழுன்னு தேஞ்சு, மூக்கு எது முழி எதுன்னு தெரியாம நிக்கிது. கூட்டம் அதத் தாண்டி ஓடிரும். ஓடுதது எதுக்குன்னா 101 மீட்டர் ஆழத்துல இருக்குற கிங்கா கோயிலுக்கு.

சொல்லக் கூடாது, ஆனா சொல்லுதேன்: அது பாக்க வேண்டிய எடந்தான். 54 மீட்டர் நீளம், 18 மீட்டர் வரைக்கும் அகலம், 12 மீட்டர் வரைக்கும் உயரம். அம்புட்டும் வெட்டியெடுத்த உப்பு போக மிஞ்சின பொந்து. 1896-ல வேலைய ஆரம்பிச்சாவ. யூசெஃப் மார்கோவ்ஸ்கி, அவரு தம்பி தோமாஸ், அப்புறம் அந்தோனி விரோதெக். சிற்பக் கல்லூரிக்குப் போனவன் ஒருத்தனும் இல்ல, சுரங்கத்துத் தொழிலாளிங்க. கிட்டத்தட்ட 70 வருசம் ஆச்சு அத முடிக்க. விரோதெக் செதுக்குன இயேசுவோட கடைசி விருந்துச் செவுத்த நல்லாப் பாரு. உள்ள பத்தடி ஆழம் போவுதது போல இருக்கும், பக்கத்துல போனா கொஞ்ச ஆழந்தான். கண்ண ஏமாத்துததுல அவனுக்கு நம்ம ஊரு ஜோசியக்காரன் கூடப் பக்கத்துல வர முடியாது.

அந்தப் பிள்ளை மேல பாத்து, தொங்குத கொத்து விளக்கக் காட்டி, நம்ம வீட்டுக்கும் ஒண்ணுன்னு சொல்லும். அது பளிங்கு போலத் தெளிஞ்ச உப்புப் படிகம். நம்ம வீட்டுல மாட்டினா கார்த்திகை மழைக்குத் தாங்காது, ஒழுகிப் போய்ரும்னு சொல்லிச் சமாளி. எல்லாரும் மேல பாத்திட்டு நடக்கையில நீ கீழ பாரு. பளபளன்னு ஓடு பதிச்ச தரைதான்னு சத்தியம் பண்ணுவ. ஓடும் இல்ல, கீடும் இல்ல. ஒரே உப்புப் பாறை, ஓடு போலக் கோடு கீறினது. பதிக்க ஆளும் வேண்டாம் சிமெண்டும் வேண்டாம். கஞ்சத்தனமா இருந்தாலும் கலையா இருக்கணும்னா அப்படித்தான் இருக்கணும். அங்க கலியாணமும் நடக்குது. மேளம் வச்சா எதிரொலியிலயே மாப்பிள்ளை பாதிக் கெழவனாயிருவான்.

அடுத்தது ஏரி. லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல உப்பு கலந்த தண்ணி, பச்சையாக் கெடக்கும். அதுல விழுந்தவன் மிதப்பானே தவிர மூழ்க மாட்டான். ஆனா 1915-ல இன்னொரு ஏரியில படகு கவுந்து ஆஸ்திரியச் சிப்பாய்ங்க செத்துப் போனாவ. மூழ்கிச் சாகல, கவுந்த படகுக்கு அடியில மாட்டி மூச்சு முட்டிச் செத்துருக்காவ. பயமில்லாத எடத்துலதான் ஆளு சாவான்னு நம்ம பெரியவங்க சொன்னது சும்மா இல்ல. கவனமா நடந்துக்கோ, கம்பியப் பிடிச்சிக்கோ. அந்தக் காலத்துலயே ஊர் சுத்துதவனுக்கு உள்ள படகு வச்சிருந்தாவன்னா, சுற்றுலா வியாபாரம் எம்புட்டுப் பழசுன்னு பாத்துக்கோ. 1772-ல ஆஸ்திரியாக்காரன் சுரங்கத்தப் பிடிச்சதும் 1774-ல இருந்தே வாறவன் போறவன் பேர எழுத ஒரு புத்தகம் வச்சாச்சு. 1790-ல செருமனிக் கவிஞர் கோத்தே வந்தாரு. 1829-ல ஷோபன் வந்தாரு. உன் பேரும் அந்த வரிசையிலதான்னு ஸ்டேட்டஸ்ல போடு, யாரும் தடுக்க மாட்டாவ.

இனி மாமன் முக்கியமாச் சொல்ல வந்த விசயத்துக்கு வாரேன், நல்லாக் கேட்டுக்கோ. உப்பளக்காரனுக்கு மழைதான் எமன். ஒரு ராத்திரி கொட்டினா அம்பாரமாக் குவிச்சது கரைஞ்சு வாய்க்கால்ல போயிரும். அங்கயும் அதே எமன்தான், மேலயிருந்து கொட்டாம ஊத்தாக் கசியும். 1992 ஏப்ரல்ல மினாங்கிற ஒரு குறுக்குச் சுரங்கத்துல தண்ணி உடைச்சுட்டு வந்துச்சு. வந்த தண்ணி மணலையும் இழுத்திட்டு வந்ததால மேல தரை எறங்கி, ரயில் தண்டவாளம் வளைஞ்சு, பக்கத்து மடத்துச் செவுரு வெடிச்சுச்சு. உப்பு விலையும் படுத்துட்டு. பாறை உப்பு வெட்டுதது 1964-லயே நின்னாச்சு. 1996-ல தொழிலே மூடிட்டாவ. ஆனா தண்ணிய நிறுத்த முடியல. அத எடுத்து வெளிய ஆத்துல விட்டா ஆறு கெடும். அதனால இறைச்சுக் கொதிக்க வச்சு உப்பாக்கி விக்கிதாவ. உப்பு வேணும்னு எடுத்த காலம் போயி, எடுக்காம இருக்க முடியாதுன்னு எடுக்குத காலம் இது.

அப்போ சுரங்கம் எதுல நிக்கிதுன்னா, குழியில. எழுநூறு வருசம் உப்ப வெட்டி வெட்டி வித்தாவ. இப்போ வெட்டின எடத்தக் காட்டிக் காசு வாங்குதாவ. உப்பு தீரும், குழி தீராது. உலகத்துல வேற எந்த வியாபாரத்துலயும் சரக்கு தீந்த பிறவு வரும்படி கூடாது. யுனெஸ்கோ 1978-ல முதல் தடவ உலகச் சொத்துன்னு பட்டியல் போட்ட 12 எடத்துல இதுவும் ஒண்ணு. அதுல மாமனுக்குப் பொறாமை இல்ல. ஆனா ஒரு வேடிக்கை: கூட்டம் கூடக் கூட அந்தச் சொத்து கரையுது. லட்சம் பேரு மூச்சு விட்டா ஈரம். ஈரம் பட்டா உப்பு உருகும். செதுக்கின முகமெல்லாம் தேய ஆரம்பிச்சதுல 1989-ல ஆபத்துல இருக்குற பட்டியல்ல போட்டாவ. காத்த உலத்துத யந்திரமெல்லாம் வச்ச பிறவு 1998-ல அதுல இருந்து பேர எடுத்தாவ. நீ பாக்கப் போற சிற்பத்த நீ பாக்குததே கரைக்கும். மாமனும் அங்க போயி மூச்சு விட்டுட்டு வந்தவன்தான். புத்தி சொல்லுதேன்னு நான் மட்டும் மூச்சப் பிடிச்சிட்டா நடந்தேன்?

இன்னும் ஒரு கூத்து. அதே மூச்ச அவங்களே விலைக்கும் விக்கிதாவ. 1839-ல பொச்கோவ்ஸ்கின்னு ஒரு சுரங்க டாக்டரு உப்புத் தண்ணிக் குளியல் வைத்தியம் ஆரம்பிச்சாரு. இப்போ உப்புக்காத்துன்னு மூச்சு நோய்க்காரங்கள உள்ள தங்க வைக்கிதாவ. மேல இருக்குறவன் மூச்சு அங்க தீங்கு, கீழ இருக்குத காத்து மேல இருக்குறவனுக்கு மருந்து. கணக்குல மாமன் கொஞ்சம் மட்டந்தான், இந்தக் கணக்குப் புரிஞ்சா போன் பண்ணு.

மறக்காம ஒண்ணு. 1944-ல செருமானியப் படைக்காரன் அங்க விமான உதிரிச் சாமான் செய்யுத தொழிற்சாலை போடப் பாத்து, யூதக் கைதிங்களக் கொண்டுவந்து உள்ள எறக்கிருக்கான். தொழிற்சாலை நடந்தேறல. கோயில் வெளிச்சத்துல இந்தச் சேதி மங்கிரும், நீயே கேட்டுத் தெரிஞ்சுக்கோ. அத வச்சுப் பகடி பேச மாமனுக்கும் வாய் வரல.

சுற்றுலா வழி முடியுத எடத்துல ரெண்டு வழி பிரியும். ஒண்ணு லிப்டுக்கு, இன்னொண்ணு மியூசியத்துக்கு. கூட்டம் லிப்டுக்குத்தான் ஓடும். நீ ஓடாத. அல்ஃபோன்ஸ் துவுகோஷ்னு ஓவியம் வரைஞ்ச ஒரு வாத்தியாரு, பழசுன்னு தூக்கி எறிஞ்ச மரச்சக்கரத்தையும் கருவியையும் சேத்து வச்சு 1951-ல ஆரம்பிச்சது அது. குதிரை சுத்தின பெரிய ராட்டினம் முழுசா நிக்கிது, மரம் உக்கவே இல்ல, உப்புத் தின்ன மரத்துக்குச் சாவு கெடையாது. 1534-ல சுரங்கக்காரங்க சங்கத்துக்குக் கெடச்ச கொம்பு ஒண்ணு வெள்ளிப் பூண் போட்டு இருக்கு. அதுலதான் குடிச்சாவளா, ஊதினாவளான்னு கேளு. அந்தக் கேள்விக்கு அங்க இருக்குற காவக்காரருக்குக் கூட வாயில சிரிப்பு வரும், வேற பேச்சுக்கு ஆளே வராத எடம்.

லிப்டுல ஏறும்போது வயித்த உள்ள இழு. சுரங்கக்காரங்க கூண்டுதான் அது, பக்கத்துல இருக்கவன் சட்டைப் பித்தான் உன் மூக்குல குத்தும். இருட்டுல சர்ருன்னு மேல வந்ததும் காது அடைக்கும், கடை தெரியும். உப்பு விளக்கு, குளியல் உப்பு, உப்புச் சிலைன்னு என்னத்தயும் வாங்கு, உன் காசு. என் பங்குக்கு மட்டும் ஒரு கட்டி உப்புக்கூட வாங்கிட்டு வராத. தூத்துக்குடிக்கு உப்புக் கொண்டாந்த குடும்பம்னு ஒரு பேரு விழுந்துச்சுன்னா, உன் பேரன் காலத்துலயும் ஓட்டுப் போடுத வரிசையில நின்னாக்கூட அதச் சொல்லித்தான் கூப்பிடுவானுவ.